வெளியே கேட்டவர் சொன்னது

"மாசி 9, செவ்வாய். பதினான்காம் அறை. காலை 9.40 – 10.30. எம்.எஸ்சி. கணிதம். அறையில் 22 பேர். வெளியிலிருந்து 4 பேர். படம் நன்று. ஒலி நன்று. குறை ஏதுமில்லை."

நம் கல்லூரியின் இருவழி வகுப்புப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. நான் ஓய்வு பெற்றபின் அந்த அறைகளின் பொறுப்பை ஏற்ற நீங்கள் இருவரும் போன வாரம் வீட்டுக்கு வந்தபோது ஒன்று கேட்டீர்கள். பதிவேட்டில் கடைசியாக 'வெளியே கேட்டவர் சொன்னது' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை எதற்கு நாள்தோறும் நிரப்ப வேண்டும், மென்பொருளே அறிக்கை தந்துவிடுகிறதே என்று. காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கோடையில் வெடித்த கரிசல் மண் முதல் மழையில் உப்பி, புதைத்து வைத்த கேபிளைப் பிடித்து இழுத்து அறுத்த கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று நாளில் சரிசெய்தேன் என்று எனக்கு மாலை கூடப் போட்டார்கள். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கேபிள் அறுந்தால் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லப்போவது யாருக்கும் தெரியாமல் முப்பத்தொரு வகுப்பு நாட்கள் ஓடிய ஒரு குறை. அதைச் செய்தவன் நான். அந்த முப்பத்தொரு நாளும் 'குறை ஏதுமில்லை' என்று எழுதி நாள் போட்டுக் கையெழுத்திட்டவனும் நான்.

கொரோனாவுக்குப் பிறகு நமக்கு அந்த அறைகள் வந்தன. பாதிப் பேர் பெஞ்சில், மற்றவர் அவரவர் வீட்டில் போனுக்கு முன்னால், ஒரே நேரத்தில் ஒரே பாடம். பதினான்காம் அறையின் அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகைக்கு மேல் பெரிய திரை. அதில் பாடமும், ஓரத்தில் வெளியே இருப்பவர்களின் பெயர்களும் தெரியும். ஆசிரியர் அதற்கு முதுகைக் காட்டி நின்றுதான் பிள்ளைகளிடம் பேச வேண்டும். வெளியே இருப்பவர்களின் குரல் வரும் ஸ்பீக்கர் இரண்டும் மேற்குச் சுவரில், ஜன்னல்களுக்கு மேலே. வகுப்பைப் பதிவு செய்யும் கேமரா பின்சுவரில்.

அந்த ஆண்டு எம்.எஸ்சி. கணிதத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஓர் ஊர். மார்கழி முதல் வாரம், பேருந்து நிறுத்தத்தில் விடுவதற்காக அவளை அப்பா பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மழை ஈரம். கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டால் வண்டி நகராது, வழுக்கத்தான் செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. மூன்றரை மாதம் பேருந்து ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கல்லூரி முதல்வர் ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்: வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆனால் தினமும் காலை முதல் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்ல வேண்டும். அதுதான் அந்த நாளின் வருகை.

முதல் வகுப்பு ஐந்து நாளும் கணித மேடத்துடையது. என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் மேடம் என்றே சொல்கிறேன். தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. "பேச்சியம்மாள்" என்பார் மேடம். "ப்ரெசன்ட் மேடம்" என்று மேற்குச் சுவரிலிருந்து குரல் வரும்.

தை 10, செவ்வாய். நான் ஒயர் ஒன்றைச் சரிபார்க்க வகுப்பின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். "ப்ரெசன்ட் மேடம்" வந்தது. அதே மூச்சில் மேற்குச் சுவரிலிருந்து இன்னொரு குரலும் வந்தது.

"ஏட்டி! ஆடு செடிய மேயுதுலா! கண்ணு அவிஞ்சா போச்சு? வெரட்டுட்டி!"

இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். மேடத்துக்கே சிரிப்பு வந்து, வருகைப் பதிவேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். நடு பெஞ்சிலிருந்து ஒருவன் கையைக் குவித்துக் கத்தினான்:

"பேச்சி, ஆட்டப் பிடிச்சுக் கெட்டிட்டு வா! க்ளாஸு எங்கயும் ஓடிப் போயிராது!"

மறுபடி சிரிப்பு. மேற்குச் சுவர் அதன்பின் பேசவில்லை. பாடம் தொடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் வெளியே வந்ததும் மனம் உறுத்தியது. காலை முறித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிற பெண்ணின் வீட்டுச் சண்டையை ஊர் கேட்கும்படி ஆக்கிவிட்டோமே என்று. மறுநாள், தை 11, புதன், வகுப்புக்கு முன்னால் அதற்கு ஒரு தீர்வு கண்டேன். வெளியே இருப்பவர்கள் எல்லோருடைய மைக்கையும் மூடினேன். பேச வேண்டுமானால் திரையில் கை உயர்த்தும் குறியை அழுத்த வேண்டும். ஆசிரியர் பார்த்துத் திறந்துவிடுவார். கையோடு, வெட்டிப் பேச்சு அதிகம் என்று நெடுநாளாகக் குறை கேட்ட 'சாட்' எழுத்துப் பெட்டியையும் பூட்டினேன். வெளியே இருந்தவர்களுக்கு இதைச் செய்தியாக அனுப்பினேன். மேடத்துக்கு ஒரு சீட்டில் எழுதி மேசைமேல் ஒட்டினேன்: 'கை உயர்த்தினால் மைக்கைத் திறக்கவும்.'

அன்று வகுப்பு அவ்வளவு அமைதியாக நடந்தது. சேவல் கூவவில்லை, யார் வீட்டிலும் குக்கர் விசிலடிக்கவில்லை. நான் பதிவேட்டில் 'ஒலி நன்று' என்று எழுதினேன்.

இதில் என்ன தவறு என்று உங்களில் ஒருவர் இந்நேரம் கண்டுபிடித்திருக்கலாம். எனக்கு அதற்கு ஏழு வாரம் ஆயிற்று. அதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை.

பங்குனி 3, வெள்ளி. வருகைக் குறைவுப் பட்டியல் அன்று மாலை நான்கு மணிக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். பட்டியலில் இருப்பவருக்குத் தேர்வு இல்லை. அந்தப் பருவத்தின் தாள்கள் அடுத்த ஆண்டுதான் மறுபடி வரும். பகல் 1.20-க்கு என் அறை வாசலில் ஒருவர் நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை.

"சார், ரிஜிஸ்டர் எழுதுதவிய நீங்கதானா? வாட்ச்மேன் சொன்னாரு."

"ஆமா. உக்காருங்க அண்ணாச்சி."

"உக்கார வரல சார். எம் மவ பேரு லிஸ்ட்டுல இருக்காம். பேச்சியம்மா. கூடப் படிக்கிற பிள்ள போன்ல சொல்லுச்சாம். காலைலருந்து ஒரே அழுக. முப்பத்தோரு நாள் வரலன்னு போட்டிருக்காம்."

"வீட்ல சிக்னல் சரியா கெடைக்கலயோ என்னமோ..."

"அவ இருந்தா சார். கட்டில்ல காலை நீட்டிக்கிட்டு டெய்லி இருந்தா. கால்ல மாவுக்கட்டப் போட்டுக்கிட்டு வேற எங்க போவா?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வார வருசம் இவ தம்பி காலேசுக்குப் போவணும். ரெண்டு பேரையும் ஒண்ணா படிக்க வைக்க என்னால முடியாது. இந்த வருசம் போச்சுன்னா இவதான் நிப்பா. அவளே சொல்லிட்டா, நான் நின்னுக்கிடுதேன்னு."

பேசிக்கொண்டே மஞ்சள் பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதக் காட்டச் சொன்னா. எனக்கு இதுல ஒண்ணும் புரியல. நீங்க பாருங்க."

தேதி போட்டு எழுதுபவர்கள் ஒருவரையொருவர் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நாள், கிழமை, நேரம். மாசி 9-ஐத் தேடி எடுத்தேன்.

"9.44. மேடம் வருகை எடுத்தார். கை உயர்த்தினேன்." அதன்கீழ் பாடம். நடுவே சிவப்பு மையில்: "பின்வரிசையில் யாரோ கேள்வி கேட்டார்கள். கேட்கவில்லை. மேடம் 'நல்ல கேள்வி' என்றார்." இன்னும் கீழே: "எல்லோரும் ஏதோ விவாதித்தார்கள். ஆறு நிமிடம். கேட்கவில்லை."

அதே மாசி 9-க்கு என் பதிவேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். ஒலி நன்று. குறை ஏதுமில்லை.

பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிப்பது என் பொழுதுபோக்கு. கோட்டைக்கு உள்ளே இருந்தவர்கள் வழியாக வந்த செய்தியும் வெளியே நின்றவர்கள் எழுதி வைத்ததும் ஒரே நாளைப் பற்றியவை என்றே நம்ப முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படி என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் சொந்தப் பதிவேட்டுக்கு வெளிப்பக்கம் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் ஒலியைச் சோதித்ததெல்லாம் அறைக்குள் நின்றுதான்.

நோட்டோடு பதினான்காம் அறைக்கு ஓடினேன். மதிய இடைவேளை, அறை காலி. மேசையில் என் சீட்டு பத்திரமாக இருந்தது. அதன்மேல், அளவெடுத்து வைத்ததுபோல், வருகைப் பதிவேடு இருந்தது. மேடம் தினமும் அதைக் கொண்டுவந்து வைப்பது அந்த இடத்தில்தான். திரை அவர் முதுகுக்குப் பின்னால். அந்த ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் கை முப்பத்தொரு நாள் உயர்ந்து உயர்ந்து இறங்கியிருக்கிறது. மற்றவர்கள் ஒன்றிரண்டு நாள் வெளியே இருந்துவிட்டு, மறுவாரம் நேரில் வந்து மேடத்திடம் சொல்லிச் சரிசெய்துகொண்டார்கள். பேச்சிக்கு மட்டும் நேரில் வரக் கால் இல்லை.

மேடத்தை அழைத்துவர ஆளனுப்பிவிட்டு என் அறைக்குத் திரும்பினேன். பேச்சியின் அப்பா அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். மணி 1.50.

இனிச் சொல்லப்போகும் இரண்டு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். என் பதிவேட்டுக்குக் கல்லூரியில் ஒரு மரியாதை இருந்தது. 'ரிஜிஸ்டர்ல இருக்கா? அப்பச் சரி' என்பார்கள். முதல்வர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அதில் முப்பத்தொரு நாளும் ஒலி நன்று. அந்தப் பெண்ணுக்கு எதிரான மிகப் பெரிய சாட்சி என் கையெழுத்துதான். ஆனால் ஒவ்வொரு நாளின் குறிப்புக்கும் கீழே அரை வரி இடம் இருந்தது. அதே பேனா, அதே மை. 'வெளியிலிருந்து குரல் வரவில்லை' என்று நாலைந்து நாளுக்குச் சேர்த்தால் போதும். நடந்தது அதுதானே, பொய்யில்லையே என்று மனம் சொல்லியது. பேனாவைத் திறந்துவிட்டேன்.

மேடம் உள்ளே வந்தார். நோட்டைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பேனாவ மூடுங்க."

"நடந்ததத்தான மேடம் எழுதப் போறேன்."

"நடந்தத அன்னைக்கு எழுதல. இன்னைக்குத் தெரிஞ்சத இன்னைக்குத் தேதி போட்டு எழுதுங்க. பழைய தேதியில ஒரு புள்ளி வெச்சீங்கன்னாலும் ப்ரின்சிபாலு கண்டுபிடிச்சிருவாரு. அப்புறம் ஒங்க ரிஜிஸ்டரும் போச்சு, இந்தப் பிள்ள நோட்டும் போச்சு. ரெண்டுமே ஜோடிச்சதும்பாரு."

பேச்சியின் அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நோட்டு ஜோடிச்சதில்ல மேடம். சத்தியமா."

"தெரியும் அண்ணாச்சி. அதனாலதான் சொல்லுதேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நானும் எழுதித் தாரேன். முப்பத்தோரு நாளும் பேரு கூப்பிட்டேன், ஒரு நாளும் திரும்பிப் பாக்கல. ஒரு பிள்ள மாசக்கணக்கா பதில் சொல்லலயே, ஒரு போன் போட்டுக் கேப்போம்னு தோணல. சிக்னல் இல்லாத ஊருன்னு நானே முடிவு கெட்டிட்டேன்."

நான் வெள்ளைத் தாளை எடுத்துப் பங்குனி 3 என்று போட்டேன். தை 11 அன்று மைக்குகளை மூடியது நான், காரணம் இது, யாரையும் கலந்துகொள்ளவில்லை, அன்றுமுதல் நான் எழுதிய 'ஒலி நன்று' என்பது அறைக்குள் மட்டும் பொருந்தும் என்று எழுதினேன். அரைப் பக்கம்தான். இத்தனை ஆண்டுகளில் நான் எழுதியதில் அதிக நேரம் பிடித்த அரைப் பக்கம்.

முதல்வர் என் கடிதம், மேடத்தின் கடிதம், நோட்டு மூன்றையும் பொறுமையாகப் படித்தார். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"இணைப்புல இருந்தாங்கிறதுக்குக் கணக்கு இருக்கு, சரி. போனத் திறந்து வெச்சிட்டுக் காட்டுக்குப் போயிரலாமே? கை தூக்கினாங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

கை உயர்த்தியதை அந்த மென்பொருள் எங்கும் சேமிப்பதில்லை. ஆனால் பின்சுவர்க் கேமரா வகுப்பைப் பதிவு செய்கிறது, அதில் கரும்பலகைக்கு மேல் உள்ள திரையும் விழும். இடம் அடைக்கிறது என்று பதினைந்து நாளுக்கு முந்தைய பதிவுகளையெல்லாம் ஒழுங்காக அழித்து வந்ததும் நான்தான். அந்த ஒழுங்கும் அன்று என்னை அறைந்தது. மிச்சம் இருந்தவை ஒன்பது வகுப்புகள். அவர் மேசையிலேயே கணினியில் போட்டுக் காட்டினேன். எட்டு வகுப்பில், மேடம் "பேச்சியம்மாள்" என்று கூப்பிடும்போது அவர் தலைக்குப் பின்னால் கடுகளவு மஞ்சள் கை எழும்பியது. அடுத்த பெயருக்குப் போனதும் இறங்கியது. ஒன்பதாவதில் ஜன்னல் வெயில் திரையில் விழுந்து ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"எட்டு நாள் சரி. பாக்கி இருபத்து மூணு?"

எட்டு நாள் அவளைப் பட்டியலிலிருந்து எடுக்கப் போதாது. மணி 2.45.

மேடம் நோட்டை வாங்கிப் புரட்டத் தொடங்கினார். கணக்குகளைச் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு பக்கத்தில் நிறுத்தி விரலை வைத்தார்.

"சார், இதப் பாருங்க. மாசி 3, புதன். இந்த நிரூபணத்துல நாலாவது வரி தப்பு. அன்னைக்கு போர்டுல நான் செஞ்ச தப்பு. பத்து நிமிசம் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சது, அழிச்சிட்டுத் திருப்பி எழுதுனேன். இவ நாலாவது வரிய எழுதி, கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல நேரம் போட்டிருக்கா. 10.12. புத்தகத்தப் பாத்து எழுதுனவ சரியானத எழுதுவா. அடுத்த பிள்ள நோட்ட வாங்கி எழுதுனவளும் சரியானதத்தான் எழுதுவா. என் தப்ப எழுதணும்னா அந்த நேரத்துல அங்கன இருந்திருக்கணும்."

முதல்வர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தானாக ஒரு பக்கத்தைப் பிரித்தார். "தை 20, வெள்ளி. 'மேடம் இருமினார், தண்ணீர் குடித்தார், பாடம் இரண்டு நிமிடம் நின்றது.' உண்மையா?"

"எனக்கு ஞாபகமில்ல சார்," என்றார் மேடம். "ஆனா அந்த வாரம் எனக்கு இருமல்தான்."

"அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க."

மேடம் தன் போனில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"பேச்சியம்மா, ப்ரின்சிபால் சார் ரூம்லருந்து பேசுதேன். டெய்லி வகுப்புல இருந்தியா?"

"இருந்தேன் மேடம். டெய்லி கைய தூக்குதேன் மேடம். நீங்கதான் பாக்க மாட்டீங்க." பிறகு: "ஒரே ஒரு நாளு திரும்பப் போனீங்க. சரியா அந்த நேரம் எங்களுக்குக் கரண்டு போச்சு, டவரும் போச்சு."

முதல்வரே சிரித்துவிட்டார். "ஏம்மா, இத ஒரு வார்த்த போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்லா?"

"கை தூக்குனா அதான் ப்ரெசன்ட்டுன்னு நெனச்சேன் சார். மெசேஜ்ல கைய தூக்கச் சொல்லித்தான போட்டிருந்தாவ." குரல் இறங்கியது. "அதுவுமில்லாம, அன்னைக்கு நான் பேசினதுக்கு எல்லாரும் சிரிச்சாவ. மறுநாளே மைக்க மூடிட்டாவ. நான் பேசுதது க்ளாஸுக்கு எடஞ்சலா இருக்கு போலன்னு நெனச்சேன். சரி, பேசாம படிச்சுக்கிடுவோம்னு இருந்துட்டேன்."

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் செய்த காரியம் அவள் கட்டிலில் போய் என்னவாக விழுந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கேட்டேன். கதவோரம் நின்ற அவள் அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

முதல்வர் பேனாவைத் திறந்தார். பட்டியலில் அந்தப் பெயரை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, எங்கள் இரண்டு கடிதங்களையும் இணைப்பாகச் சேர்க்கச் சொன்னார். மணி 3.25. என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "ரிஜிஸ்டர்ல ஒரு குறைகூட இல்லன்னா, இனிமே நான் சந்தேகப்படுவேன்."

அடுத்த திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். காலை 9.40-க்கு விளாத்திகுளம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, என் சொந்த வகுப்பில் வெளி ஆளாகச் சேர்ந்தேன். மேடம் பேசியது தெளிவாகக் கேட்டது. ஒரு பையன் கேள்வி கேட்டான். கிணற்றுக்குள் யாரோ முனகுவதுபோல் இருந்தது. மேடம் கரும்பலகைப் பக்கம் திரும்பினார், பாதி வாக்கியம் போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை. பேருந்தில் அத்தனை பேருக்கு நடுவே, என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. முப்பத்தொரு நாள் இப்படி உட்கார்ந்திருப்பது என்ன என்பதற்கு எனக்கு அந்த ஒரு கணம் போதும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

அந்த வாரமே பெஞ்சுகளுக்கு மேலே மைக் வந்தது. ஆசிரியருக்கு எதிரே, பின்சுவரில், வெளியே இருப்பவர்களின் பெயர்கள் தெரிய இன்னொரு திரை வந்தது. மைக்குகளைத் திறந்துவிட்டேன். சேவலும் குக்கரும் திரும்பி வந்தன. பிள்ளைகள் இரண்டு நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டது. பதிவேட்டில் ஒரு கட்டம் கூடியது. அன்று வெளியே இருந்தவர்களில் ஒருவரை வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, எது கேட்டது, எது கேட்கவில்லை என்று விசாரித்து, அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். அதில் முதல் பதிவு பேச்சியம்மாளுடையது: 'இன்னைக்கு எல்லாம் கேட்டுச்சு சார். பின்பெஞ்சுல ஒருத்தி மிக்சர் தின்னதுகூட.'

அவள் ஊன்றுகோலோடு வந்து சித்திரையில் தேர்வு எழுதினாள். எல்லாத் தாளும் தேறினாள். இப்போது வேறோர் ஊரில் கணித ஆசிரியை. அங்கேயும் தேதி போட்டுத்தான் எழுதுகிறாளாம்.

கட்டத்தை வைப்பதும் எடுப்பதும் உங்கள் பொறுப்பு. மென்பொருளின் அறிக்கையை நானும் பார்த்தேன். யார் எத்தனை மணிக்குச் சேர்ந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று நொடி சுத்தமாகச் சொல்கிறது. அன்றும் அதைச் சொல்லத்தான் செய்தது.

கடைசியாக ஒன்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பங்குனி 3 அன்று, முதல்வர் அறைக்கு வெளியே கடிதம் நகலெடுத்து வரக் காத்திருந்தபோது, பேச்சியின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் வீட்டில் ஆடு விரட்டிய சத்தம் கேட்டு எல்லோரும் சிரித்துவிட்டோம், அதில்தான் எல்லாம் தொடங்கியது என்று சொன்னேன்.

"ஆடா? எங்க வீட்ல ஆடு ஏது சார்? ரெண்டு எருமைல்லா நிக்கி," என்றார். "அவ அம்மைக்கு அந்தத் தொண்டையும் கெடையாது. பக்கத்துல நின்னு பேசுனாலே கேக்காது."

நோட்டைத் திருப்பிக் கொடுப்பதற்குமுன் தை 10-ஆம் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். பேச்சியம்மாள் எழுதியிருந்தாள்: "9.44. ப்ரெசன்ட் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று தெரியவில்லை." அவள் வீட்டில் எழுந்த குரலாக இருந்தால் அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

ஸ்பீக்கர்கள் மேற்கு ஜன்னல்களுக்கு மேலே என்று முதலில் சொன்னேன். அந்த ஜன்னல்களுக்கு அந்தப் பக்கம் கல்லூரிச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ஆண்டு யாரோ பருத்தி போட்டிருந்தார்கள். தை மாதத்தில் செடி இடுப்பளவு நின்றிருக்கும். குரல் சுவரிலிருந்து வந்ததா, ஜன்னலிலிருந்து வந்ததா என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. அன்றைய பதிவை நான்தான் அழித்துவிட்டேன். அன்று வெளியே இருந்த மற்றவர்களையும் பிறகு விசாரித்தேன். இருவர் தங்கள் வீட்டுக் குரல் இல்லை என்றார்கள், ஒருவர் நினைவில்லை என்றார். ஜன்னல் திறந்திருந்ததா என்பது என் பதிவேட்டில் இல்லை.

ஆகவே, தை 10 காலை 9.44-க்குப் பதினான்காம் அறையில் கேட்ட அந்தக் குரல் யாருடையது, எங்கிருந்து வந்தது என்பது இந்த நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.